தொப்பி போன இடம்

"ரெண்டுல எது தப்பு? அதை மட்டும் சொல்லும்மா," என்று கேட்டார் பக்கிரிசாமி.

ஜமீலா காருக்குள் எட்டிப் பார்த்தாள். பின் கண்ணாடிக்குக் கீழே பலகையில் இரண்டு ஸ்பீக்கர்கள் மல்லாந்து கிடந்தன.

"தெரிஞ்சுக்கிட்டு?"

"அவன்கிட்ட போய்ச் சொல்லணும்."

அவன் என்றது கலியமூர்த்தியை. பத்தொன்பது வருடம் இருவரும் ஒரே கடையில் கார்களுக்குப் பாட்டு மாட்டினார்கள். கடைசியாகச் சேர்ந்து மாட்டியது இந்தக் காருக்கு. தவில்காரர் தாயுமானவனுடையது. இடது ஸ்பீக்கர் கலியமூர்த்தி கை. வலது பக்கிரிசாமி கை. இரண்டுமே தவில்காரர் தன் முந்தின காரிலிருந்து கழற்றிக் கொடுத்த பழசு. பிளஸ் எது, மைனஸ் எது என்கிற குறி தேய்ந்து போயிருந்தது. அவரவர் பழக்கத்துக்கு வயரை வைத்தார்கள்.

மறுநாளே தவில்காரர் திரும்பி வந்தார். வலந்தலை, விரல்கள் விளையாடுகிற பக்கம், கணீரென்று கேட்கிறதாம். தொப்பி, இடது கைக் கோல் விழுகிற அந்த அடிக்குரல் பக்கம், கேட்கவே இல்லையாம். பாதித் தவிலைத்தான் காரில் ஏற்றியிருக்கிறீர்கள், மீதியை எங்கே வைத்தீர்கள் என்றார்.

ஆம்ப்ளிஃபையரை மாற்றினார்கள். எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினார்கள். தொப்பி வரவில்லை.

கலியமூர்த்தி சத்தத்தை முழுக்க இடது பக்கம் திருப்பினான். தொப்பி கும்மென்று வந்தது. என்னுது சரி என்றான். பக்கிரிசாமி முழுக்க வலது பக்கம் திருப்பினார். அங்கேயும் வந்தது. என்னுதும் சரி என்றார்.

நடுவில் வைத்தால் இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு, பத்தொன்பது வருடத்தையும் கிளறிவிட்டுத்தான் ஓய்ந்தது. கடையைப் பிரித்தார்கள். பெயர்ப்பலகையைக்கூட விடவில்லை, நடுவில் அறுத்தார்கள். 'கார்' அவனுக்குப் போனது. 'ஆடியோ' இவருக்கு வந்தது.

அந்த 'ஆடியோ' இப்போது ஜமீலாவின் ஷெட்டில் சால்டரிங் அயர்ன் வைக்கிற பலகை. ஐம்பத்திரண்டு வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளிடம், பக்கிரிசாமி மூன்று மாதமாக மறுபடி வேலை படிக்கிறார். தன் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

இன்று தவில்காரர் வண்டியை இங்கே கொண்டுவந்துவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

ஜமீலா சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். கடிகாரம் நின்றது.

"பின் சீட்ல முட்டி போட்டுக்குங்கண்ணே. உள்ளங்கையைக் கைக்கு ஒரு ஸ்பீக்கர் மேல வைங்க. அழுத்தாதீங்க."

வைத்தார். என் வேலையிலும் கை வைக்க ஆரம்பித்துவிட்டாயா பக்கிரி என்று பெஞ்சிலிருந்து தவில்காரர் கேட்டார்.

ஜமீலா டிக்கியைத் திறந்து உள்ளே குனிந்தாள். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் வயர்களை உருவி, கடிகார பேட்டரியில் தொட்டாள். முதலில் வலது ஜோடி. பிறகு இடது.

"என்ன தெரியுது?" குரல் மட்டும் வந்தது.

"வலது கையைத் தள்ளுச்சு. இடது கையை..." பக்கிரிசாமி நிறுத்தினார். "உள்ள இழுக்குது."

"ம்."

ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போகிறது. ஒன்று கொடுக்கிற காற்றை மற்றது விழுங்கிவிடுகிறது. தொப்பி எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மனசு அங்கே நிற்கவில்லை.

"இடதுதான். அவனுதுதான். நான் அப்பவே சொன்னேன்மா."

"கையை எடுக்காதீங்க."

பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி தொட்டாள்.

இடது கையைத் தள்ளியது. வலது கையை இழுத்தது.

"இப்போ யாருது?" என்று கேட்டது டிக்கி.

பக்கிரிசாமியின் கை இரண்டும் அங்கேயே இருந்தன. வெளியே தொடையில் தாளம் ஓடிக்கொண்டிருந்தது.

"எதை மாத்தட்டும்?" என்றார் கடைசியில்.

"ஏதாவது ஒண்ணை."

"எதுன்னு நீ சொல்லிடும்மா."

"எதை மாத்துனாலும் தொப்பி வந்துடும்ணே. ரெண்டையும் மாத்துனாதான் வராது."

உருவிய வயர்களை ஆம்ப்ளிஃபையரில் திரும்பச் செருகிவிட்டு, நிமிர்ந்து போய்ப் பேட்டரியைக் கடிகாரத்தில் போட்டாள்.

பக்கிரிசாமி டிக்கிக்குள் தலையை விட்டு, மல்லாந்து மேலே ஸ்பீக்கர்களின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். இடது வயரில் கலியமூர்த்தி வைத்த சால்டர் ஈயம் அரிசிமணி அளவில் பளபளத்தது. அவன் வைத்தால் எப்போதும் அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வலது பக்கம் திரும்பி, தன் சால்டரை உருக்கி, இரண்டு வயரையும் இடம் மாற்றினார்.

தவில்காரர் முன் சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். கண்ணை மூடினார். இடது கை தானாக எழுந்து ஸ்டீயரிங்கில் விழுந்தது.

"வந்துடுச்சு," என்றார். அப்புறம் ஜன்னல் வழியாகக் கேட்டார்: "கடைசில யாரு ஸ்பீக்கர்ப்பா தப்பு?"

பக்கிரிசாமி மேசைக்குப் போனார். சால்டரிங் அயர்னை எடுத்து ஓரமாக வைத்தார். 'ஆடியோ'வைத் தூக்கி வந்து டிக்கிக்குள் படுக்க வைத்தார்.

"போற வழியில 'கார்' கடையில என்னை இறக்கி விட்டுடுங்க," என்றார்.