ஆரத்தில் உழைத்த கை

முன்னொரு காலத்தில், ஒரு கழுத்தில் கிடந்த நகை இன்னொரு கழுத்திலும் தென்பட்டதால் அரண்மனையே நடுங்கிப்போன ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசர் நல்லவர். கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னது சரியென்று நினைப்பவர். அது ஒன்றுதான் அவரிடம் குறை.

அவர் சபையில் குப்பாண்டி என்று ஒரு விகடன் இருந்தான். சபையைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அவன் மனைவி வடிவாள் நகை செய்பவள். ஊரில் மற்றப் பட்டறைகளில் அச்சு வைத்திருந்தார்கள். மாங்காய் அச்சு ஒன்று இருந்தால் தெருவெல்லாம் மாங்காய் மாலைதான். வடிவாளிடம் அச்சே கிடையாது. குளவிக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்து தோடு செய்வாள். முருங்கைப்பூ உதிர்ந்து கிடக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்து நெற்றிச்சுட்டி செய்வாள். முதலில் மெழுகில் பிடிப்பாள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிடிக்காவிட்டால் ஒரே அமுக்கு, திரும்பவும் உருண்டையாகிவிடும். பிடித்து வந்ததையும் இரண்டாம் முறை செய்யமாட்டாள். அலுப்பாக இருக்கிறது என்பாள். வீட்டில் சமையல் பெரும்பாலும் குப்பாண்டியுடையது.

ஒருநாள் அரசி ஒரு கல்யாணத்துக்குப் போனாள். அங்கே வெற்றிலை வியாபாரியின் மனைவி அரசியின் மாங்காய் மாலையைப் போலவே ஒன்றை அணிந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அரசி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று அரசர் சொன்ன சமாதானம் எதுவும் உள்ளே போகவில்லை.

மறுநாள் சபையில் அரசர், உலகில் இணையே இல்லாத ஓர் ஆரம் வேண்டும் என்றார். குப்பாண்டி உடனே எழுந்தான். அதற்கு என் வீட்டுக்காரியை விட்டால் ஆள் கிடையாது, இணை வேண்டுமென்று கெஞ்சினாலும் அவளுக்குச் செய்ய வராது என்றான். சபை சிரித்தது. அவனுக்கும் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை முழுதாக அடங்குவதற்குள் காளத்தியார் எழுந்தார். அவர் பொக்கிஷக் காப்பாளர். சாவிக்கொத்தைக் குளிக்கும்போதும் கழற்றாதவர். குப்பாண்டி அதைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்த நாளிலிருந்து அவனைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும்.

"அரசே, செய்த கை இருக்கும்வரை இணை பிறந்துகொண்டேதான் இருக்கும்" என்றார். முருங்கைக் கிளையைக் கழிக்கச் சொல்வது போன்ற குரல். "ஆரம் முடிந்த அன்று அந்தக் கையை எடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது."

அரசர் சற்று யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

சபை குப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தது. இப்போது ஒன்று சொல்வான், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தது. பின்வரிசையில் ஒருவர் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கி, பிறகு நிறுத்திக்கொண்டார். குப்பாண்டி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

காளத்தியார் விடவில்லை. இவன் சூதுக்காரன், வலக்கையா இடக்கையா, செய்தவள் அவளா வேறு ஒருத்தியா என்றெல்லாம் வாதம் பண்ணித் தப்பித்துவிடுவான், ஆகவே ஆணையில் சந்து வைக்கக் கூடாது என்றார். வாசகத்தையும் அவரே சொல்லிக் கொடுத்தார். அன்று மதியம் தெருத்தெருவாக முரசறைந்து அதைச் சொன்னார்கள்: இந்த ஆரத்தில் உழைத்த கை எதுவானாலும், யாருடையதானாலும், ஆரம் முடிந்த அன்று வெட்டப்படும்.

முரசறைந்த ஆணையை அந்த நாட்டில் அரசரும் திரும்பப் பெற முடியாது.

குப்பாண்டி வீட்டுக்கு வந்தபோது வாசலில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். ஊரை விட்டு ஓடும் யோசனை அதோடு போயிற்று. உள்ளே வடிவாள் மெழுகை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?" என்றான்.

"நம்ம வாசல்ல நின்னுதான் அடிச்சாங்க."

அவன் அவள் எதிரில் உட்கார்ந்தான். "மட்டமா ஒண்ணு செஞ்சு குடுத்துடு வடிவு. ராணியே வேணாம்னு தள்ளிடுவாங்க. அப்புறம் யாரும் ஆரம்னு சொல்ல மாட்டாங்க" என்றான்.

"அதைத்தான் மத்தியானத்துலருந்து பண்றேன். வேணும்னே கோணலா வளைக்கிறேன். அந்தக் கோணலே அழகா வந்து நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

மெழுகை அவன் பக்கம் நீட்டினாள். பீர்க்கங்கொடியின் சுருள்கள். ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ள நீண்டு, தொடப்போகும் இடத்தில் நின்றிருந்தன. எட்டிவிடுமா என்று பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது. ஒரு கணம் அவன் எல்லாவற்றையும் மறந்தான். பிறகு அதைப் பிடித்திருந்த கை கண்ணில் பட்டது. ஆள்காட்டி விரலில் பழைய தீக்காயம். நகக்கண்ணில் மெழுகு. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் வேறு கவலையில் இருந்தாள். "பொன்னு வந்தாத்தானே வேலை? அதுலயே வம்பு இருக்கு. உடையவங்க கையாலதான் பொன்னை மூசையில போடணும். உருக்கி எடுத்ததும் முதல் அடியும் அவங்கதான் அடிக்கணும். அது ஆகாம எந்தப் பட்டறையிலயும் வேலை தொடங்க மாட்டோம். ராஜாவை யாரு போயி இந்தச் சந்துக்குள்ள கூப்பிடறது?"

குப்பாண்டி அவளையே பார்த்தான்.

"நான் கூப்பிடறேன்" என்றான்.

அரசர் வந்தார். வராமல் இருக்க அவருக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. பட்டறைக்குள் குனிந்து நுழைந்து, பொன்னைத் தம் கையால் மூசையில் போட்டார். மண் கிண்ணத்துக்குள் அது தளதளவென்று உருகுவதைக் கண் கொட்டாமல் பார்த்தார். ஆறிய கட்டியைப் பட்டடைமேல் வைத்துச் சுத்தியலைக் கொடுத்தாள் வடிவாள். முதல் அடி அடித்தார். பிறகு யாரும் கேட்காமலே இன்னும் நாலைந்து அடி. நெற்றி வியர்த்தது. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வேலை செய்த சந்தோஷத்தில், அதை அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தார்.

பொன்னைக் கொண்டு அரசரோடு வந்த காளத்தியார் போகவில்லை. அரண்மனைப் பொன்னைக் குப்பாண்டி வீட்டில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வருமா? தினமும் வந்து பட்டறையில் உட்கார்ந்தார். பொன்னைக் கம்பியாக்கும் வேலை வந்தது. இரும்புத் தட்டில் உள்ள துளைக்குள் பொன்னை நுழைத்து, மறுபுறம் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். பிறகு அதைவிடச் சிறிய துளை, பிறகு இன்னும் சிறியது. வடிவாள் குறட்டை எடுத்ததும் காளத்தியாருக்குத் தாங்கவில்லை. இழுக்கும்போதே ஒரு துணுக்கை நறுக்கிக்கொள்வாய் என்று பிடுங்கிக்கொண்டார். இரண்டு கைகளாலும் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். குப்பாண்டி பக்கத்தில் நின்று விசிறினான். கம்பி முழுவதையும் அவரே இழுத்து முடித்தார்.

ஆரம் சபைக்கு வந்த நாளில் காளத்தியார் எல்லாம் தயாராக வைத்திருந்தார். நடுவில் ஒரு வெட்டுக்கட்டை. பக்கத்தில் கோடரியோடு ஒருவன். காயத்தில் ஊற்றச் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு கரிசனம்.

அரசி ஆரத்தை அணிந்து வந்து உட்கார்ந்தாள். சபையில் மூச்சுச் சத்தம் இல்லை. பொற்சுருள்கள் அவள் மூச்சுக்கு ஏற்ப நீண்டு, எட்டாமல் திரும்பின. அரசி சிரித்தாள். அப்போதுதான் கட்டையைப் பார்த்தாள். அது எதற்கு என்று கேட்டாள். அந்தப்புரத்துக்குள் முரசு கேட்டிருக்கவில்லை. அரசர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அரசியின் கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை.

காளத்தியார் வடிவாளின் பெயரைச் சொல்லி அழைத்தார். அவள் நடந்து வந்து கட்டையின் எதிரில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றான் குப்பாண்டி. குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "இந்தச் சபையில் வெற்றிலை கொடுத்தாலும் சந்தனம் கொடுத்தாலும் முதல் மரியாதை அரசருக்கு. இன்றைக்கு மட்டும் வரிசையை ஏன் மாற்றுகிறீர்கள்?"

என்ன உளறுகிறாய் என்றார் காளத்தியார்.

"இந்த ஆரத்தில் முதலில் உழைத்த கை அரசருடையது. பொன்னை மூசையில் போட்டது அது. முதல் அடி அடித்தது அது. நான் சொல்லவில்லை. அரசரே இந்தச் சபையில் எல்லோரிடமும் சொன்னார். எதுவானாலும், யாருடையதானாலும் என்று முரசும் சொன்னது. அரசே, தங்கள் வலக்கை முதலில்."

யாரோ தட்டை நழுவவிட்டார்கள். அது உருண்டு சுழன்று ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அடுத்து பொக்கிஷக் காப்பாளர். கம்பி முழுவதும் அவர் இழுத்தது. அவருக்கு இரண்டு கைகளும். கடைசியில்தான் என் மனைவி."

காளத்தியார் இரண்டு கைகளையும் அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார். கோடரிக்காரன் அரசரைப் பார்த்தான், காளத்தியாரைப் பார்த்தான், கோடரியை மெல்லத் தரையில் வைத்துவிட்டு அது தன்னுடையது அல்ல என்பதுபோல் இரண்டு எட்டு தள்ளி நின்றான்.

அரசர் தம் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். அது அங்கே இருப்பதை அன்றுதான் கண்டவர் போலிருந்தார்.

"குப்பாண்டி, இது விளையாட்டா?"

"முரசு விளையாட்டுக்கு அடிப்பதில்லை அரசே."

"அப்படியானால் இதற்கு வழியே இல்லையா?"

"ஆணையிலேயே இருக்கிறது. ஆரம் முடிந்த அன்று வெட்டப்படும் என்றுதான் இருக்கிறது. முடிந்துவிட்டதா என்று செய்தவளைக் கேளுங்கள்."

வடிவாளுக்கு அவன் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எந்த நகையைப் பற்றியும் அவள் முடிந்தது என்று சொல்லி அவன் கேட்டதில்லை. அந்த ஒன்றை நம்பித்தான் நின்றான்.

அரசர் கேட்டார். வடிவாள் இவ்வளவு நேரமும் யார் பேச்சையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அரசியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் முடியல மகாராசா. இடப்பக்கம் மூணாவது சுருள் சரியில்ல. மெழுகுல துவண்டு நல்லா இருந்துச்சு. பொன்னுல விறைச்சு நிக்குது. கழுத்துல ஏறினப்புறந்தான் தெரியுது. கழட்டிக் குடுத்தா மாத்திடுவேன்."

"மாற்றினால் முடிந்துவிடுமா?" அரசர் குரல் தழைந்திருந்தது.

அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். அந்த யோசனை நீண்டுகொண்டே போனது.

"அதை மாத்தினா பக்கத்துச் சுருளு தப்பாத் தெரியும். அதையும் பாக்கணும். அப்புறம் நடுவுல இருக்கறது எனக்கு முதல்லருந்தே பிடிக்கல."

அரசர் சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அரசி பிடித்திருந்த மூச்சை விட்டாள். சபை அதற்குப் பிறகுதான் சிரித்தது. காளத்தியார் மட்டும், கைகளை வெளியே எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆரம் முடியவில்லை, என் ஆயுள் உள்ளவரை முடியவும் வேண்டாம் என்று அரசர் அறிவித்தார். வடிவாள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டுபோய்த் திருத்தலாம். திருத்தும்போதெல்லாம் கம்பி இழுக்கக் காளத்தியார் போக வேண்டும், அந்தக் கைக்கு அது பழகிவிட்டது என்றார். பிறகு தம் காப்பைக் கழற்றிக் குப்பாண்டியின் கையில் பூட்டி, இன்னும் என்ன வேண்டும் கேள் என்றார்.

குப்பாண்டி மனைவியைப் பார்த்தான். அவள் எதிரில் இருந்த வெட்டுக்கட்டையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேங்கை மரமா?" என்று கோடரிக்காரனைக் கேட்டாள்.

அவன் ஆமென்று தலையசைத்தான்.

"எங்க பட்டடைக்கு அடியில இருக்கற கட்டை பிளந்துபோச்சு மகாராசா. இதைக் குடுத்தாப் போதும்."

சிரித்துக்கொண்டிருந்த சபை பட்டென்று நின்றது. அரசரும் நிறுத்தினார். அந்தக் கட்டையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். எடுத்துக்கொள்ளம்மா என்று மெல்லச் சொன்னார்.

இருவரும் அதைத் தெருவில் உருட்டிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் குப்பாண்டியின் கால் மடங்கிவிட்டது. நடுத்தெருவில், அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்தான். ஜனங்கள் விலகிப் போனார்கள். விகடன் ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்று சிலர் நின்று பார்த்தார்கள்.

வடிவாள் கொஞ்சநேரம் பொறுத்தாள். "எந்திரிங்க. வெயில் ஏறுது" என்றாள்.

"வடிவு, கையைக் குடு."

அவள் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அவன் எழுந்தான்.