எத்தனை சதவீதம்

ஜெரோமுக்குக் கண்ணாடியைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலிருக்க அதைவிடப் பயம்.

விடிந்தால் ஆணழகன் போட்டி. நேற்றுக் காலையிலிருந்து அவன் தண்ணீர் குடிக்கவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கெண்டைக்கால் சுண்டிச் சுண்டி இழுத்தது. சிக்ஸ் பேக்கில் மேலே நான்கும் செதுக்கியதுபோல நின்றன. கீழே இரண்டு மட்டும் மங்கல்.

ஜிம்மில் அவனைத் தவிர மாஸ்டர் கனகவேல் மட்டும்தான் இருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான்.

"மாஸ்டர், மிஷின்ல ஏறினா கொழுப்பு பதினொரு சதவீதம்னு காட்டுது. தோலைக் கவ்விப் பார்க்கிற இடுக்கியில ஏழு வருது. எது நிஜம்?"

மாஸ்டர் எழுந்துபோய்க் கண்ணாடிக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார். வயிற்றில் ஒரு கோடுகூட இல்லை. ஜெரோமுக்குப் பகீரென்றது. கை தானாக வயிற்றைத் தடவியது.

"போடுங்க மாஸ்டர். விளக்கைப் போடுங்க."

போட்டார். கோடுகள் திரும்பி வந்தன.

"இதுக்கே இப்படி நடுங்குறியே," என்றபடி ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

ஜெரோம் பின்வாங்கினான். "வேணாம் மாஸ்டர். தோலுக்கடியில நீர் ஏறிடும். எல்லாம் மூடிக்கும். நெஞ்சுதான் கொஞ்சம் தப்பித் தப்பி அடிக்குது. நாளைக்கு ஒருநாள் தாங்கிட்டா போதும்."

மாஸ்டரின் கை டம்ளரோடு அப்படியே நின்றது.

"என்கூட சந்தனபாண்டின்னு ஒருத்தன் போட்டிக்குத் தயாரானான்," என்றார். "அவனும் இதையேதான் சொன்னான். மேடைக்குப் பின்னால எண்ணெய் பூசிக்கிட்டு நின்னான். அடிவயித்துக் கோடு வரைக்கும் அப்படித் தெரிஞ்சுது. நாங்கல்லாம் வாயைப் பிளந்து பார்த்தோம். பேரைக் கூப்பிட்டாங்க. ரெண்டு அடி வச்சான். விழுந்தான். பிறகு எழுந்திரிக்கவே இல்ல."

ஜெரோம் எச்சில் விழுங்கப் பார்த்தான். வாயில் எச்சில் இல்லை. நெஞ்சு ஒருமுறை அடிக்க மறந்து, பிறகு திடுமென்று அடித்தது. பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அவருக்கு எத்தனை சதவீதம் இருந்துச்சு மாஸ்டர்?"

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியாது. குளிப்பாட்டித் தூக்கிட்டுப் போனாங்க. யாரும் அளந்து பார்க்கல."