செங்கோடன் போட்ட முடிச்சு

மோட்டார் வந்த புதிதில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும். பெட்ரோலோடு எவ்வளவு காற்று கலக்க வேண்டும் என்பதை, ஓட்டுகிறவர்தான் அதைத் தள்ளியும் இழுத்தும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செங்கோடன் ஐம்பது வயது வரை மாட்டுவண்டி ஓட்டியவர். பிரசவ வலி கண்ட மகளை அந்த வண்டியில்தான் ஏற்றினார். ஆஸ்பத்திரி வரை அவள் உயிர் தாங்கவில்லை. மாடுகளை விற்றுவிட்டு, மோட்டார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆஸ்பத்திரி டிரைவர் சூசைநாதனிடம் வந்து நின்றார். தன்னைவிட எவ்வளவோ சின்னவரை வாத்தியாரே என்று கூப்பிட அவருக்குக் கூச்சமே இல்லை.

"இந்த லீவருக்குச் சரியான இடம் எதுங்க, வாத்தியாரே?"

"ஓட்டிப் பாருங்கண்ணே."

தினமும் இதே கேள்வி, இதே பதில்.

ஒரு நாள் விடியற்காலை மலையூரிலிருந்து ஆள் வந்தது. பிரசவ வலியில் ஒரு பெண் துடிக்கிறாளாம். முந்தின நாள்தான், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் உதறி சூசைநாதனின் கை உடைந்து, கட்டுப் போட்டிருந்தது.

"நீங்களே ஓட்டுங்கண்ணே," என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

சமவெளியில் இன்ஜின் அருமையாக ஓடியது. செங்கோடன் இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை உருவி, லீவரை அந்த இடத்திலேயே இறுக்கிக் கட்டினார். வண்டிக்காரப் புத்தி. கயிற்றைக் கட்டிவிட்டுத் தூங்கினாலும் மாடு வீடு போய்ச் சேரும் என்று பழகியவர்.

"கட்டாதீங்கண்ணே."

"நல்லாத்தானுங்க ஓடுது!"

பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மலை ஏற ஏற வண்டி கரும்புகை கக்கியது. இன்ஜின் இருமியது. ஒரு வளைவில் நின்றே போனது.

செங்கோடனுக்கு மகள் முகம் கண்ணில் வந்தது.

"கீழ இதே இடத்துலதானுங்களே ஓடுச்சு!"

"மேல காத்து லேசுண்ணே. பெட்ரோல் மட்டும் அதே அளவு வருது. அதான் மூச்சு முட்டுது."

செங்கோடன் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். இறங்கி ஹேண்டிலைச் சுற்றினார். முதல் சுற்றுக்குக் கிளம்பவில்லை. விடாமல் சுற்றினார். கிளம்பியது.

"காத்தை எவ்வளவு திறக்கறதுங்க?"

"புகை நிக்கிற வரைக்கும்."

லீவரைத் தள்ளினார். புகை வெளுத்தது, வண்டி ஏறியது. இன்னும் உயரே போனதும் மறுபடி இருமல். மறுபடி தள்ளினார். அடுத்த வளைவிலும் அதே கதை.

"அப்போ இந்தக் கை எப்பத்தானுங்க ஓயும், வாத்தியாரே?"

சூசைநாதன் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ண ஆஸ்பத்திரியில இறக்கினதும்."