மருதமரத்துக் கடையும் மெழுகு உழக்கும்

“யாரோ ஒருத்தன் அளவில் திருடுகிறான். பேர் சொல்லமாட்டேன். குறைத்து அளந்தவனுக்கே தெரியும். முதலில் அவனைப் பிடித்து நிறுத்துங்கள், அப்புறம் கடை நடத்தலாம்.”

ஒரு காட்டில், மருதமரத்தடியில், எல்லா மிருகங்களும் கேட்கும்படி இப்படிக் கத்தியது சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி. அது ஏன் கத்தியது, அந்தத் திருடன் யார் என்று தெரிய வேண்டுமானால், பிள்ளைகளே, நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சிலுப்பன் லேசுப்பட்ட வியாபாரி இல்லை. குட்டியிலேயே தாயைப் பறிகொடுத்து, அடிபட்டு, மிதிபட்டு, பேரம் பேசிப் பேசியே மேலே வந்தது. பாறை இடுக்கில் சொந்தமாக ஒரு கடை போட்டது. மூங்கிலரிசி, தேன், புளி, உப்பு, எது வேண்டுமானாலும் காட்டு மிருகங்கள் அங்கேதான் வர வேண்டும்.

கரடி தேன் கொண்டுவந்தால், “இது தேனா, மழைத்தண்ணியா? எனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போ” என்று முதுகைத் திருப்பிக்கொள்ளும். திரும்பத் தூக்கிப் போக முடியாமல், கிடைத்ததை வாங்கிக்கொண்டு கரடி போகும். அது மறைந்ததும் சிலுப்பன் அதே தேனை அணிலிடம் நீட்டும். “இந்த மாதிரித் தேனை உன் பாட்டன்கூட நக்கியிருக்க மாட்டான்” என்று சொல்லி விற்கும்.

அதன் கடையில் அரிசி அளக்க ஒரு மூங்கில் உழக்கு இருந்தது. வெளியே பார்த்தால் எல்லா உழக்கையும் போலத்தான் இருக்கும். உள்ளே அடியில் மட்டும் தேன்மெழுகை உருக்கித் தடியாக ஊற்றி வைத்திருந்தது சிலுப்பன். மெழுகு பிடித்த இடத்தில் அரிசி பிடிக்காது அல்லவா? ஒவ்வொரு அளவிலும் ஒரு பிடி சிலுப்பனுக்கு மிச்சம்.

ஒரு வறண்ட கோடையில் மிருகங்கள் கூடிப் பேசின. “பறிப்பதும் நாம், தின்பதும் நாம். நடுவில் இந்தச் சிலுப்பனை எதற்குச் சகித்துக்கொள்ள வேண்டும்?” என்றது கரடி.

மருதமரத்தடியில் ஒரு பொதுக்கடை எழுந்தது. கடையில் சேருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல் கொண்டுவந்து சுவரில் வைக்க வேண்டும். யானை பாறாங்கல்லை உருட்டி வந்தது. அணில் கூழாங்கல்லைக் கவ்வி வந்தது. கல் பெரிதானாலும் சிறிதானாலும் கடை விஷயத்தில் எல்லாருடைய பேச்சுக்கும் ஒரே மதிப்புதான்.

முயல் சிலுப்பனையும் கூப்பிடப் போனது.

“சிலுப்பண்ணே, நீயும் ஒரு கல் கொண்டு வா. வியாபாரம் தெரிந்த ஆள் ஒருத்தர் எங்களுக்கு வேண்டும். வருஷக் கடைசியில் கடையின் மரப்பொந்தில் மிஞ்சிய அரிசியை எல்லாரும் பங்கு…”

“நிறுத்து,” என்றது சிலுப்பன். “அணில் பேச்சும் என் பேச்சும் ஒன்றா? நல்லா இருக்கிறது நியாயம். போய்க் கல் அடுக்கி விளையாடுங்கள். மழை வருவதற்குள் என் வாசலில் வந்து நிற்பீர்கள்.”

மழை வந்தது. மழை போனது. சிலுப்பனின் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.

பாறை மேல் உட்கார்ந்து தினமும் மருதமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது சிலுப்பன். கரடி கொண்டுவரும் தேனை யாரும் மழைத்தண்ணி என்று சொல்வதில்லை. கிளையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட குரங்குக்கு, கால் கூடும்வரை கடையிலிருந்தே சாப்பாடு போனது. “நான் அடிபட்டுக் கிடந்த காலத்தில் எனக்கு எவன் கொண்டுவந்து கொடுத்தான்?” என்று சிலுப்பன் முணுமுணுத்தது. வியாபாரம் போனதைக்கூட அது எப்படியோ பொறுத்துக்கொண்டது. மரத்தடியிலிருந்து வரும் சிரிப்புச் சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் அதன் முதுகு முட்கள் தாமாகவே குத்திட்டு நின்றன.

“இந்தக் கடையை இழுத்து மூடவைக்காவிட்டால் நான் சிலுப்பன் இல்லை,” என்றது அது.

பொதுக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே தனியாகக் கடைக்காரர் கிடையாது. அரிசி வாங்கியவர், அடுத்து வருகிறவருக்குத் தம் கையால் அளந்து கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். முயலுக்கு அணில் அளக்கும். யானைக்கு முயல் அளக்கும். கரடிக்கு யானை அளக்கும்.

இதைப் பார்த்துப் பார்த்துச் சிலுப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. ‘அளவு குறைந்தால் ஒவ்வொருத்தனும் தனக்கு அளந்தவனைத்தானே சந்தேகப்படுவான்?’

உச்சி வெயிலில் எல்லாரும் நிழலில் கண் அயர்ந்திருந்தபோது, அது நைசாகக் கடைக்குள் போனது. பொதுக்கடையின் நல்ல உழக்கை எடுத்துக்கொண்டு, தன் மெழுகு உழக்கை அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தது.

அது நினைத்தபடியே எல்லாம் நடந்தது.

“என்ன அணிலே, உன் கை சின்னது, சரி. அளவுமா சின்னதாக இருக்கும்?” என்றது முயல்.

“நான் உழக்கு நிறைய, தலை தட்டித்தான் அளந்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் நீயே கொறித்திருப்பாய். உன் பல்லைப் பார்த்தாலே தெரிகிறது,” என்றது அணில்.

யானை முயலை முறைத்தது. கரடி யானையோடு பேசுவதை நிறுத்தியது. மரத்தடியில் சிரிப்புச் சத்தம் அடங்கியது. வெகுகாலத்துக்குப் பிறகு சிலுப்பனுக்கு நல்ல பசி எடுத்தது.

எரிகிற நெருப்பில் இன்னும் கொஞ்சம் சுள்ளி போடலாம் என்று மருதமரத்தடிக்குப் போய், முதலில் நாம் கேட்டோமே, அந்தக் கத்தலைக் கத்தியது. “யாரோ ஒருத்தன் அளவில் திருடுகிறான்.”

மிருகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை போன பிறகு கடை எதற்கு? மூடிவிடலாம்,” என்றது யானை. பாறாங்கல்லைத் திரும்ப உருட்டிப் போகத் தும்பிக்கையையும் நீட்டிவிட்டது.

சிலுப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “பாவம், நல்ல கடை,” என்றது.

அப்போது ஆமை மெதுவாகச் சொன்னது: “மூடுவதானால் மூடுவோம் யானையண்ணே. அதற்கு முன்னால் பொந்தில் இருப்பதைப் பங்கு போட்டுக்கொள்வோம். அதுதானே நம் ஏற்பாடு?”

அரிசி சேர்த்து வைக்கும் மரப்பொந்தின் மூடியை யானை இழுத்தது. அவ்வளவுதான். மூங்கிலரிசி மளமளவென்று கொட்டியது. யானையின் காலை மூடியது. முயலைக் காது வரைக்கும் மூடியது.

“இதுவரை இவ்வளவு மிஞ்சியதில்லையே,” என்றது கரடி.

முயல் அரிசிக்குள்ளிருந்து தலையை நீட்டியது. “அட, எனக்குக் குறைந்ததெல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறது.”

“என்னுடையதும் இங்கேதான்,” என்றது அணில். “நம் பொந்தில் நம் அரிசி. இதற்குப் போய் உன் பல்லைப் பழித்துவிட்டேனே.”

முயலுக்குச் சிரிப்பு வந்தது. அணிலும் சிரித்தது. கரடி யானையின் மேல் ஒரு கை அரிசியை வாரி இறைத்தது. மருதமரத்தடியே சிரிப்பில் குலுங்கியது.

சிலுப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குறைத்து அளந்த மிச்சம் கடைக்காரனுக்குத்தானே போக வேண்டும்? வாங்குகிறவர்களே கடைக்காரர்களாக இருந்தால் அது அவர்களிடமே வந்து சேரும் என்பது அந்தப் பெரிய வியாபாரியின் மூளையில் ஏறவே இல்லை. முட்கள் சடசடவென்று சிலிர்த்தன. வாயும் தன்னை மறந்தது.

“எதற்கு இந்தச் சிரிப்பு? ரோஷம் இல்லையா உங்களுக்கு? உழக்கின் அடியில் ஒருத்தன் மெழுகை ஊற்றி உங்களை முட்டாளாக்கியிருக்கிறான். ஈயென்று பல்லைக் காட்டுகிறீர்களே.”

சிரிப்பு நின்றது.

“மெழுகா?” என்றது முயல். “மெழுகு என்று இங்கே யாரும் சொல்லவில்லையே, சிலுப்பண்ணே.”

அணில் ஓடிப்போய் உழக்குக்குள் தலையை விட்டது. விட்ட தலையை வெளியே எடுத்தபோது அதன் மூக்கில் மெழுகு ஒட்டியிருந்தது. கரடி உழக்கை வாங்கி மோந்து பார்த்தது. “என் தேனடை மெழுகுதான். அடையோடு தேனை நான் கொடுத்தது இந்தக் காட்டில் ஒரே ஒரு கடைக்கு,” என்றது.

சிலுப்பனின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. அது பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. வழியில் யானை நின்றுகொண்டிருந்தது.

ஆமை யாருடைய முகத்தையும் பார்க்காமல் பேசியது.

“நானும் பேர் சொல்லமாட்டேன். யாரோ ஒருத்தன் எங்கள் நல்ல உழக்கை வைத்திருக்கிறான். அதை அவனே தூக்கிக்கொண்டு வந்து எல்லார் கண்முன்னாலும் இங்கே வைக்கட்டும். இந்த மெழுகு உழக்கால் தன் கடையில் இத்தனை காலம் எங்களுக்கு அளந்தானே, அந்தக் குறையை அதே நல்ல உழக்கால், தலை தட்டாமல் குவித்து, அணிலில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுக்கட்டும். கரடியிடம் மழைத்தண்ணி என்று சொல்லி வாங்கிய தேனுக்கும் ஈடு செய்யட்டும். அதற்குப் பிறகு சுவரில் வைக்க ஒரு கல் கொண்டுவந்தால், அவனுக்கும் இங்கே இடம் உண்டு. ஆனால் அளப்பதுதான் முதலில். கல் அப்புறம்.”

நீதி: பலர் சேர்ந்து நடத்தும் கடையைப் பொறாமையால் கவிழ்க்கப் பார்ப்பவன் தன்னையே காட்டிக்கொடுப்பான், குறைத்து அளந்தவனே நிறைத்து அளந்து தர வேண்டும்.