ஒன்பது ரியால் குறைந்தது

திருப்பூரில் ஞானசுந்தரி என்றொரு டெய்லர் இருந்தாள். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அவள் தம்பி எபனேசரின் கம்பெனி மூடிப்போயிற்று, விசாவும் முடிந்துபோயிற்று. இருநூறு ரியால் அபராதம் கட்டினால்தான் அவன் ஊர் திரும்ப முடியும். வியாழக்கிழமை கடைசி நாள்.

ஞானசுந்தரி செயினை விற்றாள். அரை நாள் லீவு போட்டு மூன்று வங்கி ஏறி இறங்கினாள். முதல் வங்கியில் கமிஷன் அதிகம். அடுத்ததில் கமிஷன் இல்லை. ஆனால் ரியாலுக்கு வைத்த விலை மலைக்க வைத்தது. மூன்றாவதுதான் ஒருவழியாகக் கட்டுப்படியானது.

"இருநூறு ரியாலும் அப்படியே போய்ச் சேருமா சார்?"

"நாங்க இருநூறு அனுப்பிருவோம்மா," என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"வழியில எங்கயும் நிக்காத," என்று பணத்திடம் மெல்லச் சொன்னாள். "சரி" என்று பணம் புறப்பட்டது.

பாதி வழியில் ஒரு பெரிய வங்கி குறுக்கே உட்கார்ந்திருந்தது. அனுப்பிய வங்கிக்கும் வாங்கும் வங்கிக்கும் நேர்ப் பழக்கம் கிடையாது. இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஆறு ரியால் வை," என்றது பெரிய வங்கி.

"கமிஷன் திருப்பூரிலேயே கட்டியாச்சே?"

"அது அவங்களுக்கு. இது எனக்கு."

முன்னால் ஏதோ ஒரு கம்பெனியின் இரண்டு லட்சம் ரியால் நின்றது. அதுவும் ஆறுதான் கொடுத்தது. கொடுத்தது அதற்கே தெரியவில்லை.

"எனக்கும் அதே ஆறா?" என்றது பணம்.

"ஆள் பார்த்து வாங்க எனக்கு நேரமில்லை."

போய்ச் சேர்ந்த வங்கியும் வாசலிலேயே கையை நீட்டியது. மூன்று ரியால். பணம் வாதாடவில்லை. அசதியில் கொடுத்துவிட்டு உள்ளே போய் விழுந்தது.

வியாழன் காலை, அபராத அலுவலகத்தில் அதிகாரி எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டுகளைத் திருப்பித் தள்ளினார். எபனேசரின் கைக்குள் பணம் கூசிக் குறுகியது.

"அக்கா, ஒன்பது ரியால் குறையுது. ஒரு மணிக்கு மூடிருவாங்க," என்றான் போனில்.

ஞானசுந்தரி மெஷினை நிறுத்திவிட்டு வங்கிக்கு ஓடினாள்.

"ஒன்பது ரியால் அனுப்ப அதைவிடக் கூடச் செலவாகும்மா. அதுவும் இன்னைக்குள்ள சேராது," என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். "வழிச் செலவும் என்னோடதுன்னு ஃபார்ம்ல டிக் பண்ணியிருந்தா குறைஞ்சிருக்காது."

"நீங்க சொல்லலையே சார்."

"நீங்க கேக்கலையே."

"கேட்டேனே சார்."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அங்கே எபனேசர், அலுவலகத்துக்கு அடுத்திருந்த சலூன் படியில் உட்கார்ந்திருந்தான். சலூன்காரர் ரஹ்மத் கான் பெஷாவர்க்காரர். கத்திரியோடு வெளியே வந்து என்ன விஷயம் என்று கேட்டார். அரைகுறை இந்தியில் எபனேசர் சொன்னான். அவர் முழுதும் கேட்டார். பிறகு உள்ளே போய் மேஜை டிராயரைத் திறந்தார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது.

"கட்டியாச்சுக்கா," என்றான் எபனேசர் போனில். ஞானசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அபராதப் பெட்டிக்குள் ஞானசுந்தரியின் பணமும் அந்த ஒன்பது ரியாலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"எத்தனை வங்கி தாண்டி வந்தே?" என்று களைத்த குரலில் கேட்டது பணம்.

"வங்கியா? அவர் கையிலிருந்து இவன் கைக்கு வந்தேன்."

"நடுவில் யாரும் எதுவும் எடுக்கலையா?"

"எடுக்கிறதாவது! ஊருக்குப் போற முகம் இப்படியா இருக்கிறதுன்னு, இவன் தாடியையும் காசு வாங்காம மழிச்சுவிட்டார்."