ஆசான் பெயர் வராத தடம்

கடலுக்குப் போன மூன்று படகுகளின் பேச்சுப் பெட்டிகள் ஊமையாகித் திரும்பி வந்த பிறகு, பகவதி தன் ஆசானிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"பிடிச்சத விடாதவன் யாரு ஆசானே?"

ஏதோ மடத்தில், மரத்தடியில் கேட்ட கேள்விபோல இருக்கிறதல்லவா? கேட்டது நாகர்கோவிலில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில், காலை பத்து மணிக்கு. ஆசான் என்றதும் தாடியைத் தேட வேண்டாம். கோலப்பன் தினமும் சவரம் செய்துகொள்கிற ஆள். அவருடைய தாத்தா பெயர்பெற்ற வர்மக்கலை ஆசான். அதை வைத்து வேலையிடத்தில் யாரோ கேலியாக ஆசான் என்று அழைக்கப்போய், கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பகவதிக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. இருவருக்கும் காதோரம் நரைத்தாயிற்று. ஆனாலும் அவர் எதிரில் அவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. கெர்னல் என்கிற, எந்த இயந்திரத்துக்கும் உயிர்போல உள்ளே ஓடுகிற அந்தக் கணினி நிரலை, அவர்கள் பேச்சில் 'கோடு', எழுத அவள் கற்றதெல்லாம் அவர் எழுதியதைப் படித்துத்தான்.

அந்த மாடியில் அவர்கள் செய்தது, ஆழ்கடல் படகுகளுக்கான பேச்சுப் பெட்டி. கரையோடு பேச அதை விட்டால் படகுக்கு வேறு நாதியில்லை. பெட்டிக்குள் நினைவகத்தின் ஒரு துண்டைப் பல வேலைகள் பங்கிட்டுக்கொள்ளும். துண்டை எடுக்கிற வேலை, 'நான் பிடித்திருக்கிறேன்' என்று ஓர் எண்ணைக் கூட்ட வேண்டும். முடிந்ததும் 'விட்டுவிட்டேன்' என்று குறைக்க வேண்டும். எண் பூஜ்யத்துக்கு வந்தால்தான் துண்டு காலி. பிடித்தவன் விட மறந்தால், உள்ளே ஆள் இருப்பதாக நினைத்து வாட்ச்மேன் கதவைப் பூட்டாமல் காத்துக்கிடப்பதுபோல, துண்டு அப்படியே கிடக்கும். அப்படிப் பல துண்டுகள் சேர்ந்தால் நினைவகம் நிரம்பிப் பெட்டி வாயை மூடிவிடும்.

"யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஆசான்.

"எல்லாரும் ரெஜின்னு சொல்லுதாங்க."

எல்லாரும் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆண்டெனாவைக் கவனிக்கிற பகுதியைப் போன மாதம்தான் ரெஜின் புதிதாக எழுதியிருந்தான். அது பெட்டிகளில் ஏறிய பிறகுதான் ஊமைநோய் வந்தது. மதியம் மேனேஜர் போன் செய்வார். ஆசான் ஒரு வார்த்தை சொன்னால் ரெஜினின் கோடும் வெளியே, ரெஜினும் வெளியே.

"எல்லாரும் சொல்லுதது இருக்கட்டும். பெட்டி என்ன சொல்லுதுன்னு கேளு. பிடிக்குத எடத்துலயும் விடுத எடத்துலயும் டிரேஸ் போடு. ஒவ்வொருத்தனும் பேரச் சொல்லிட்டுப் பிடிக்கட்டும், பேரச் சொல்லிட்டு விடட்டும்."

"எல்லா எடத்துலயுமா?"

"எல்லா எடத்துலயும்."

"விடாதவனக் கண்டுபிடிச்சா, நம்ம பக்கத்துலேருந்து எண்ணக் கொறச்சு விட்டுரலாமா ஆசானே? படகுக்காரங்க காத்துட்டு இருக்காங்க."

"கூடாது. பிடிச்சவன்தான் விடணும். அடுத்தவன் விட்டா, பிடிச்சவன் கையில இருக்கும்போதே துண்டு காலியாயிரும், அது அதவிடப் பெரிய கேடு."

சொல்லிவிட்டு, திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்துவரக் குளச்சல் மீன்பிடித் துறைக்குக் கிளம்பினார்.

பகவதி உட்கார்ந்து, டிரேஸ் என்கிற அந்தத் தடத்தைப் போட்டாள். எங்கெல்லாம் பிடிக்கிறார்களோ, எங்கெல்லாம் விடுகிறார்களோ, அங்கெல்லாம் ஒரு வரி. பிறகு மேசைமேல் கிடந்த சோதனைப் பெட்டியை ஓடவிட்டு, படகில் அலை அடித்தால் எப்படியோ அப்படி ஆண்டெனா வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாள்.

திரையில் வரிகள் விழுந்தன. ரெஜினின் பகுதி பிடித்தது, விட்டது. மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. ஒன்றுகூடப் பிசகவில்லை. திருடனைப் பிடிக்க ஒளிந்திருந்தவளுக்குத் திருடன் வராததில் சிறிய ஏமாற்றம்தான். பொய் சொல்வானேன்.

அப்போதுதான் இன்னொரு பெயர் கண்ணில் பட்டது. அது பிடித்தது. விடவில்லை. வயரைப் பிடுங்கும்போதெல்லாம் அது பிடித்தது, ஒரு தடவைகூட விடவில்லை.

அவள் அந்தப் பகுதியைத் திறந்தாள். திறக்கத் தேவையே இல்லை, அவளுக்கு மனப்பாடம். பாதியில் தொடர்பு அறுந்தால் திரும்பிவிடு என்று ஒரு வழி இருந்தது. திரும்புமுன் விட வேண்டியதை விடாமலே அந்த வழி திரும்பியது. ரெஜினின் புதுக் கோடு அந்த வழியை அடிக்கடி கூப்பிட்டது, அவ்வளவுதான் அவன் செய்த பாவம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கோப்பின் தலையில் எழுதியவர் பெயர் இருந்தது. கோலப்பன்.

புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பகவதி முதலில் காட்டுகிற கோப்பு அது. 'இப்படி எழுதணும்' என்று சொல்லி எத்தனை பேருக்குக் காட்டியிருப்பாள்! ரெஜினுக்கும் காட்டியிருக்கிறாள்.

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பெரியவர் ஒருவர் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் நடுத்தெருவில் நிற்கும்போது பார்த்துவிட்ட கூச்சம். நாலு பேர் பார்க்குமுன் மறைத்துவிட வேண்டும் என்றுதான் கை துடிக்குமே தவிர, வேறொன்றும் தோன்றாது. இப்போதைக்கு மறைப்போம், சாயங்காலம் ஆசானிடம் தனியாகச் சொல்லி ஓசையில்லாமல் திருத்திக்கொள்வோம் என்று நினைத்தாள். மதியம் வரப்போகிற போனை அவள் நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

ஆசானின் பகுதியில் போட்ட தடவரியை மட்டும் அழித்தாள். மறுபடி ஓட்டினாள். தடம் துடைத்துவைத்த தரைபோல வந்தது. பிடித்தவர் எல்லாரும் விட்டிருந்தார்கள். எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தச் சமையல்.

ரெஜின் வந்து அவள் பின்னால் நின்றான். கண் சிவந்திருந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?"

"ஒண்ணும் தெளிவா இல்ல."

அவன் குனிந்து வரிவரியாகப் படித்தான். "எல்லாரும் விட்டிருக்காங்களே. பொறவு ஏன் எண்ணு எறங்கல்ல?"

"தெரியல்ல ரெஜின்."

இப்படி நேருக்கு நேர் ஒரு பொய்யை அவள் சமீபத்தில் சொன்னதில்லை. அது இவ்வளவு சுலபமாக வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்பம் தப்பு எனக்கதுதான் அக்கா. டிரேஸ்ல சிக்காதபடி எங்கேயோ பெரிசா சொதப்பியிருக்கேன்." அவன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். "அந்த மூணு படகுல ஒண்ணுல எனக்க அண்ணன் உண்டு. உங்களுக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது.

"ரெண்டு நாளு பேச்சே இல்ல. வீட்டுல ஜெபமும் அழுகையுமா கெடந்தாங்க. வேற படகுக்காரங்க கண்டு, கூடவே கூட்டிட்டு வந்தாங்க. அண்ணன் வந்து எறங்கின அன்னைக்கு மைனி, அவனுக்க பொண்டாட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. மீன்கொழம்பு வச்சு, சோறு போட்டுத் தந்தா. தொண்டையில எறங்கல்ல அக்கா."

பகவதி வாயைத் திறந்தாள். ஆசானின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. பிறகு, "நீ டீ குடிச்சியா?" என்று கேட்டாள்.

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து, ஃப்ளாஸ்கைத் திறந்து அவனுக்கு ஊற்றிக்கொடுத்தாள்.

ஆசான் உப்புப் பூத்த ஒரு பெட்டியைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே தடத்தைப் படித்தார். மேலிருந்து கீழே. பிறகு மறுபடியும் மேலிருந்து.

"ஆசானே, எனக்க கோட்ட எடுத்துருங்க. மேனேஜர்கிட்ட நானே சொல்லிருதேன்" என்றான் ரெஜின்.

ஆசான் அவனைப் பார்க்கவில்லை. "பகவதி, இந்தப் பெட்டிக்குள்ள எனக்க கோடு ஓடுதா, இல்லியா?"

"ஓடுது ஆசானே."

"பின்ன எனக்க பேரு ஒரு எடத்துலயும் காணல்லியே?"

அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினாள்.

"எண்ணு ஏறுது. ஏத்தினவன் பேரு இல்ல. அப்பம் டிரேஸ் போடாத எடம் ஒண்ணு இருக்கு. கொஞ்சம் எந்திரி."

அவள் எழுந்தாள். அவர் உட்கார்ந்து தன்னுடைய பழைய கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதினார். அவள் காலையில் எழுதி அழித்த அதே வரி, சொல்லுக்குச் சொல். அவர் சொல்லிக்கொடுத்த முறைதானே, வேறு எப்படி வரும்?

ஆண்டெனா வயரைப் பிடுங்கினார். திரையில் அவர் பகுதியின் பெயர் விழுந்தது. பிடித்தது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். விட்டதாக வரி வரவில்லை. செருகி மறுபடி பிடுங்கினார். தப்பு தன்னுடையது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை பார்க்கத் தோன்றும். ஆசானும் மனிதர்தானே. மூன்றாவது தடவை பிடுங்கும்போது அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

எழுந்து ரெஜினுக்கு நேராக நின்றார்.

"ரெஜினு, விடாதது நான்."

ரெஜின் திரும்பித் திரையைப் பார்த்தான்.

"உனக்க கோட்டுல ஒரு கொறையும் இல்ல. குளச்சல்ல எல்லாம் சொன்னாங்க, உனக்க அண்ணன் கடல்ல பேச்சில்லாம நின்னது எனக்க கோட்டாலதான். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லு. சாயங்காலம் நான் நேர்ல வந்தும் சொல்லுதேன். மேனேஜருக்கும் நானே சொல்லிருதேன்."

"பரவால்ல ஆசானே, இதுல என்ன..."

"பரவால்லன்னு நீ சொல்லாத டே. அத உனக்க மைனி சொல்லணும்."

ரெஜின் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். படிக்கட்டிலிருந்து அவன் குரல் கேட்டது. "மைனி, நான் இல்ல மைனி..." என்று தொடங்கியவனுக்கு அதற்கு மேல் வரவில்லை. அழுதான்.

அறைக்குள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது பகவதிக்கு.

ஆசான் உட்கார்ந்து, பாதியில் திரும்புகிற அந்த வழியில், விடவேண்டிய இடத்தில் விட்டார். ஒரே ஒரு வரிதான். பெட்டியை ஓட்டி, வயரைப் பிடுங்கினார். எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. காலையிலிருந்து அவள் காணத் தவித்த பூஜ்யம். வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

"சரியாயிட்டே ஆசானே. டிரேஸ எடுத்துரட்டா?"

"மத்த எடத்துல உள்ளத எடு. எனக்க எடத்துல உள்ளது கெடக்கட்டும்."

அவள் விசைப்பலகையில் கை வைத்தாள். ஒன்றையும் எடுக்காமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எல்லாருக்கும் முன்னால தலகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னுதான் ஆசானே..."

"தெரியும்."

"உங்க மேல உள்ள மரியாதயில..."

"அதும் தெரியும்." அவர் படிக்கட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார். "அந்த மரியாதய நீ ரெஜினுக்க கையிலேருந்துல்லா பிடுங்கி எனக்குத் தந்தே."

படிக்கட்டில் அழுகை நின்றிருந்தது. அவன் மூக்கை உறிஞ்சும் ஓசையும், பிறகு ஒரு சின்னச் சிரிப்பும் கேட்டன. போன் பேச்சு முடியப்போகிறது என்று தெரிந்தது.

பகவதி குரலைத் தாழ்த்தினாள். "நான் அந்த வரிய அழிச்சது அவனுக்குத் தெரியாது."

"தெரியாது."

"என்னை அக்கான்னு கூப்பிடுதான்."

"ஆமா."

"நீங்க அவன்கிட்ட அதச் சொல்லல்லியே ஆசானே?"

ரெஜின் செருப்பைக் கழற்றிப்போடும் ஓசை வாசலில் கேட்டது. ஆசான் உப்புப் பூத்த பெட்டியை எடுத்து மடியில் வைத்து, துணியால் துடைக்கத் தொடங்கினார்.

"எனக்க தப்ப நான் சொல்லியாச்சு, பகவதி."