முற்றத்தில் காய்ந்த மண்

ஏகாம்பரம் கோபமாக வந்தார். செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று படியிலும் ஒன்று செடிக்குள்ளும் போய் விழுந்தது.

அவருக்கு வயது அறுபத்தைந்து. புகைமலை மடத்தின் களஞ்சியம் அவர் பொறுப்பு. இத்தனை வருடத்தில் ஒரு படி நெல் கூடவோ குறையவோ போனதில்லை என்று ஊரே சொல்லும். அவரும் சொல்வார்.

குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. சிவஞானத்தம்மை என்று பெயர், மடத்தில் எல்லோருக்கும் அம்மா. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கிளை மடத்துக்குப் போயிருந்தவர் அன்று காலைதான் திரும்பியிருந்தார்.

"அம்மா, கீழ்ச்சுனை பூவாயி இனிமே இந்த மடத்துப் படி ஏறக் கூடாது," என்றார் ஏகாம்பரம்.

"உட்காருங்க. என்ன செஞ்சா?"

"சபையில எல்லார் முன்னாடியும் என்னைப் பார்த்து, விலை போயிட்டீங்களான்னு கேட்டா."

"போயிட்டீங்களா?"

ஏகாம்பரத்துக்குக் காது வரை சிவந்தது. "நீங்களுமா கேக்குறீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டா முடிஞ்சது."

"இல்லை."

"சரி. மேலே சொல்லுங்க."

விஷயம் இதுதான். மடத்துக்கு மேலே உள்ள சரிவு முழுக்கக் காடு. எந்தக் காலத்திலோ அந்த மலை நெருப்பைக் கக்கி அடங்கியது. அது துப்பிய சாம்பல்தான் அங்கே மண். அதன் மேல் மழை பெய்துகொண்டே இருந்தது. மரம் முளைத்தது, இலை விழுந்து மக்கியது, சாம்பல் கறுத்துப் போனது. சரிவின் அடியில் ஒரு சுனை உண்டு. சுனையை நம்பித்தான் கீழ்ச்சுனை என்கிற ஊர் இருந்தது. அவர்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

காடு மடத்துக்குச் சொந்தம். அதை வெட்டி உருளைக்கிழங்கு போடக் குத்தகைக்குக் கேட்டார் குழந்தைவேலு என்கிற முதலாளி. கீழ்ச்சுனைக்காரர்கள் கூடாது என்றார்கள். காட்டு மண் குடித்து வைக்கிற மழைதான் சுனையில் வருகிறது, வெட்டினால் சுனை வற்றும் என்றார்கள். அது வெறும் சாம்பல், அதில் தண்ணீர் எங்கே நிற்கும், சுனை வருவது பாறைக்குள்ளிருந்து என்றார் குழந்தைவேலு.

யார் சொல்வது சரி என்று பார்த்துச் சொல்லும் வேலையை மடம் ஏகாம்பரத்திடம் விட்டது. நேர்மையான ஆளிடம் விட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள். நேர்மையான ஆட்கள் கெடுத்த வேலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

"எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டார் குரு.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல ஏகாம்பரம் நிமிர்ந்தார். "நானே மேலே போய் மண்ணை வெட்டினேன். நானே கூடையில சுமந்து வந்தேன். ஒருத்தரையும் தொட விடல. ஒப்பிட்டுப் பார்க்கணுமேன்னு கீழேயிருந்து வயல் மண்ணும் ஒரு கூடை கொண்டுவரச் சொன்னேன். நல்லா வெயில் அடிக்கிற நாளாப் பார்த்து ரெண்டையும் முற்றத்துல பரப்பிக் காயப் போட்டேன்."

"காயப் போட்டீங்க."

"போடாம? ஈர நெல்லை அளந்தா யாராவது ஒருத்தர் ஏமாறணும். காய்ஞ்ச பிறகுதான் அளவு. நம்ம களஞ்சியத்துல அதுதானே முறை? ரெண்டு மண்ணுக்கும் ஒரே முற்றம், ஒரே வெயில். அப்புறம் அடியில ஓட்டை போட்ட ரெண்டு பானையில நிரப்பி, சபை பார்க்கத் தண்ணி ஊத்தினேன். வயல் மண்ணு குடிச்சுது. காட்டு மண்ணு மேல விழுந்த தண்ணி முத்து முத்தா உருண்டு, அடி வழியா அப்படியே வெளியே வந்துடுச்சு. எல்லாரும் பார்த்தாங்க. பூவாயியும் பார்த்தா. மண்ணுல தண்ணி நிக்கல, குத்தகை கொடுக்கலாம்னு சொன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"'பொறந்ததிலேர்ந்து நான் குடிச்ச தண்ணி எங்கேயிருந்து வந்துச்சு சாமி'ன்னா. அது எனக்கு எப்படித் தெரியும்? கண்ணால பார்த்ததைத்தானே சொல்ல முடியும். அப்படித்தான் சொன்னேன். உடனே விலை போயிட்டீங்களான்னு கேட்டுட்டா. இவ என்ன, எனக்கு நியாயம் சொல்லிக் குடுக்கிறவளா?"

அவருக்கு மூச்சு வாங்கியது.

"வெட்டுறதுக்கு ஆள் வந்தாச்சும்மா. காட்டு ஓரத்துல நிக்கிறாங்க. நான் போய் எல்லையைக் காட்டணும். அவ ஊரையே கூட்டிட்டு வந்து குறுக்கே நிக்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விலகிடுவா."

குரு எழுந்தார். "வாங்க."

சனம் நின்ற பக்கம் போகாமல், மடத்தின் பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் ஏறினார். தூறிக்கொண்டிருந்தது. காலடியில் தரை மெத்தென்று அமுங்கி எழுந்தது. மரங்களில் பாசி தொங்கியது. இத்தனை மழை பெய்கிற சரிவில் வழிந்து ஓடும் தண்ணீர் ஒரு கோடு கூட இல்லை. அதை ஏகாம்பரம் கவனித்திருக்கலாம். அவர் பூவாயியை நினைத்துக்கொண்டு நடந்தார்.

ஒரு மரத்தடியில் குரு குனிந்து இலைச் சருகை ஒதுக்கினார். வேருக்கு இடையில் கைவிட்டு, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி கறுப்பு மண் எடுத்து அவர் கையில் வைத்தார்.

"கனமா இருக்கா?"

"இல்லம்மா. பஞ்சு மாதிரி இருக்கு."

"தண்ணி சொட்டுதா?"

"இல்ல. லேசா ஈரம், அவ்வளவுதான். கையில ஒட்டக்கூட இல்ல."

"தேய்ச்சு நசுக்குங்க."

ஏகாம்பரம் கட்டைவிரலால் தேய்த்தார். அதுவரை கட்டியாக இருந்த மண் சட்டென்று இளகியது. சோப்புப் போல விரலில் வழுக்கியது. விரல் இடுக்கிலிருந்து தண்ணீர் கிளம்பி மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடியது. அவர் இன்னும் அழுத்தினார். இன்னும் வந்தது. இத்தனை சின்னக் கட்டிக்குள் அவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

சற்று நேரம் கையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, கோபித்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது.

"திருட்டுப் பய. குழந்தைவேலு மண்ணை மாத்திட்டான்மா. என்னையே முட்டாளாக்கிட்டான்."

"முற்றத்துக்கு வந்த மண்ணை யார் வெட்டினது?"

"நான்."

"யார் சுமந்தது?"

"நான்தான்."

"காயும்போது யார் காவல் இருந்தது?"

"அதுவும் நான்தான்."

இருவரும் இறங்கி மடத்து முற்றத்துக்கு வந்தார்கள். சபையில் காட்டியது போக மிச்சம் இருந்த காட்டு மண் கூரைக்கு அடியில் குவிந்து கிடந்தது. ஏகாம்பரம் குனிந்து ஒரு பிடி அள்ளினார். பொடி விரல் வழியாகக் கொட்டியது.

"ஊற வெச்சாப் பழையபடி ஆயிடும்," என்றார். சொல்லிவிட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அண்டாவில் ஊற்றி மண்ணைப் போட்டுக் கலக்கினார். பாதி மேலே மிதந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். விட்டதும் மறுபடி மிதந்தது. மடைப்பள்ளிக்கு ஓடிப் போய் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார். மண்ணை எடுத்து விரலில் தேய்த்தால் நறநறவென்று ஆற்று மணல்போல இருந்தது. இளகவில்லை, வழுக்கவில்லை.

"எப்பம்மா இது பழையபடி ஆகும்?"

"ஆகாது."

"ஆகாதுன்னா?"

"ஒரு தரம் முழுக்கக் காய்ஞ்சா அவ்வளவுதான்."

ஏகாம்பரம் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். குரல் உயர்ந்தது. "இது என்ன மண்ணு? வயல் மண்ணு எத்தனை தடவை காய்ஞ்சாலும் மறுபடி குடிக்குதே. இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு? ரெண்டையும் ஒண்ணாத்தானே நடத்தினேன். ஒரு பக்கம் சாயல. ஒருத்தர்கிட்ட ஒரு வெற்றிலை வாங்கல."

அப்போதுதான் குருவுக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

"மீனைக் கொண்டுவந்து நெல்லோட சேர்த்துக் காயப் போட்டிருக்கீங்க. அப்புறம் தண்ணியில விட்டுப் பார்த்து, இதுக்கு நீந்தத் தெரியலன்னு சபையில சொல்லியிருக்கீங்க. வெற்றிலை வாங்கலன்னு என்கிட்ட பெருமை வேற."

ஏகாம்பரம் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்தைந்து வயதில் இப்படிப் பேச்சு வாங்குவது லேசான காரியம் இல்லை.

வாசலில் குழந்தைவேலுவின் ஆள் வந்து நின்றான். தோளில் கோடாலி.

"ஐயா, எல்லையைக் காட்ட வர்றீங்களா? மழை வலுக்குறதுக்குள்ள பத்து மரமாவது சாய்க்கணும்னு முதலாளி சொல்றாரு. அந்தப் பொம்பளைங்க வேற நகர மாட்டேங்குறாங்க."

"போ. வர்றேன்," என்றார் ஏகாம்பரம்.

அவன் போனான். ஏகாம்பரம் எழுந்திருக்கவில்லை. மிதக்கும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் போயிட்டா வெயில் நேரா மண்ணுல விழும்," என்றார் மெதுவாக.

"விழும்."

"சரிவு முழுக்க இப்படி ஆயிடும்."

ஏகாம்பரம் அண்டாவைத் தள்ளி வைத்தார்.

"போய் மாத்திச் சொல்லணும்." எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார், நின்றார். திரும்பியபோது அவர் முகத்தில் மறுபடியும் அந்தப் பழைய கோபம். ஆனால் இப்போது அதில் பயமும் கலந்திருந்தது.

"நாற்பது வருஷத்துல சொன்ன சொல்லை நான் மாத்தினதே இல்லம்மா. இப்போ மாத்தினா, ஒரு பொம்பளை போட்ட சத்தத்துக்குப் பயந்துட்டான்னு குழந்தைவேலு சிரிப்பான். அந்தப் பக்கம் மட்டும் என்ன சொல்லுவாங்க? அன்னைக்கு விலை போனவன் இன்னைக்கு விலை பத்தாம திரும்பிட்டான்னு பூவாயியே சொல்லுவா. ரெண்டு பக்கமும் காறித் துப்புவாங்க. இதுக்கப்புறம் என் வார்த்தையை யாரும்மா நம்புவாங்க?"

"நம்ப வேண்டாம்," என்றார் குரு. "தண்ணி குடிச்சுட்டு நம்பாம இருக்கட்டும்."